இடது கையால் ஊட்டிய கவளம்

"பிஸ்கட் டப்பாவை மூடு," என்றார் அண்ணி.

முந்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி அவனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். டப்பாவைச் சத்தமில்லாமல் திறப்பதற்கு அவன் மூன்று வாரமாகப் பயிற்சி எடுத்திருந்தான். இந்த அம்மாளுக்குப் பிடரியில் கண் இருக்கிறது என்ற முடிவுக்கு அவன் வந்து வெகுநாளாகிவிட்டது. கொண்டைக்கு உள்ளேயா, கொண்டைக்குக் கீழேயா என்பதுதான் தெரியவில்லை.

அண்ணி என்றால் அவனுடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிட் அடித்தவர்களை ஒருத்தர் விடாமல் பிடித்தவர், வேலையை விட்ட பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால் மாடியில் ஒரே அறை எடுத்துத் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். முந்திரிக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெராக்ஸ் கடை வைத்து மூடியவன். எந்தப் பேச்சிலும் முந்திக்கொண்டு விழுந்ததால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், பெற்றவர்கள் வைத்த பெயரை ஏப்பம் விட்டுவிட்டது.

அவன் வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்குவதற்குள் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். பல் டாக்டர். அவளுக்குப் பின்னால், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் செருகிய ஒரு நெட்டை ஆசாமி. அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாசம் பாடுபட்டுக் கட்டிய வீட்டை இடிக்க ஆள் வந்து நிற்பதுபோல ஒரு முகம் அவனுக்கு.

"மேடம், எங்க வேனுக்குள்ள யாரோ எங்களைப் பார்க்கறாங்க," என்றாள் பல் டாக்டர்.

"வேன்ல ஜன்னல்னு ஒண்ணு இருந்தா அப்படித்தாங்க," என்றான் முந்திரி.

அண்ணி ஒரு பார்வை பார்த்தார். முந்திரி நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி ஒரு வருஷம். மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் குடித்தனம். இரண்டு பேருமாக மூன்று மாசம் ஊர் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. மெக்கானிக் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி, கட்டில், அடுப்பு, தொட்டி, மடக்கு மேசை எல்லாம் வைத்து ஒரு வீடாகவே ஆக்கிவிட்டான். வரும் வெள்ளிக்கிழமை காலை பயணம். இன்று புதன்.

பத்து நாளாகச் சாயங்காலச் சமையலும் சாப்பாடும் வேனுக்குள்ளேதான், பழகிக்கொள்வதற்காக. ஐந்து ஜன்னலுக்கும் முதலில் கண்ணாடி பிலிம் ஒட்டினார்கள். வெளியே நின்றால் பார்ப்பவர் முகம்தான் தெரியும், உள்ளே இருப்பவருக்கு ஊரே தெரியும். மறுநாள் காலை மாமியார் மகனைக் கூப்பிட்டு, நீ எதற்கடா அவள் முன்னால் அழ வேண்டும் என்று கேட்டாராம். அவன் வெங்காயம் நறுக்கியிருந்தான்.

இருட்ட ஆரம்பித்து உள்ளே விளக்குப் போட்டால் அந்த பிலிம் தலைகீழாக வேலை செய்யும் என்று கடைக்காரர் பிறகுதான் சொன்னார். உடனே உரித்தார்கள். இரட்டைத் துணியில், மேலும் கீழும் கம்பி கோத்த திரை போட்டார்கள். மறுநாள் காலை, பெண்டாட்டி முன்னால் மண்டி போட்டுக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா என்று மாமியார் கண் கலங்கினார். அவன் மேசைக்கடியில் கொசு அடித்திருந்தான்.

திரையும் போயிற்று. ஓரத்தில் காந்தம் வைத்துத் தைத்த மெத்தைத் தட்டிகள் வந்தன. ஜன்னல் சட்டத்தில் வைத்தால் பசக்கென்று ஒட்டிக்கொள்ளும், ஊசி முனை வெளிச்சம்கூடக் கசியாது. இன்று காலை மாமியார் சொன்னதுதான் எல்லாவற்றிலும் உச்சம்.

"'ஊட்டிவிடறதுதான் விடற, அதை வலது கையால ஊட்டக் கூடாதா'ன்னு கேட்கறாங்க," என்றாள் பல் டாக்டர். காது வரை சிவந்துவிட்டது.

"நான் வலது கையாலதாங்க ஊட்டினேன்," என்றான் மெக்கானிக். அவனுக்கு அதுதான் பெரிய குறை.

எப்படித் தெரியும் என்று கேட்டால், பெற்றவளுக்குத் தெரியாதா என்பதோடு மாமியார் வாயை மூடிக்கொள்கிறாராம். கேமரா ஏதாவது இருக்குமோ என்று மெக்கானிக் வேனை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிப் பூட்டிவிட்டான். ஒன்றும் இல்லை.

"எங்க அம்மா என்னை வழியனுப்ப வந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்பறாங்க," என்றாள் பல் டாக்டர். "யாரு, எப்படிப் பார்க்கறாங்கன்னு அதுக்குள்ள தெரியலைன்னா நான் இவரோட வேன்ல ஏற மாட்டேன். எங்க அம்மாவோட கிளம்பிடுவேன்."

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முந்திரிக்கே பாவமாக இருந்தது.

அண்ணி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நீங்க உள்ள பேசினது ஏதாவது வெளியே வந்திருக்கா?"

இருவரும் யோசித்தார்கள். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"அழுதது, கும்பிட்டது, ஊட்டினது. எல்லாமே கண்ணுக்குத் தெரியறது. கேட்டிருந்தா கொசுன்னு தெரிஞ்சிருக்கும்," என்றார் அண்ணி, பேனாவை மூடியபடி. "நம்ம ஆளுக்குக் காது இல்ல, கண்ணு மட்டும்தான். முந்திரி, கிளம்பு. வாயைத் துடைச்சுக்கோ."

*

வேன் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஆளுயர மதில், பின்னால் பாழ்மனை. கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'வேலை நடக்கிறது. உள்ளே வராதீர்கள்.' பல் டாக்டரின் அம்மா சிரித்த முகமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த அட்டைக்கு மரியாதை கொடுத்து நாலடி தள்ளியே நின்றார். மாமியார் சமையலறை ஜன்னலில் ஒரு தடவை தலையைக் காட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். மாமனார் கால் உடைந்து மாடியிலேயே இருக்கிறாராம்.

உள்ளே போன அண்ணிக்கு மெக்கானிக்கை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கட்டிலுக்கு வெட்டிய பலகையின் மிச்சம் சோப்புத் தட்டாக ஆகியிருந்தது. சோப்புத் தட்டின் மிச்சம் பிரஷ் தாங்கி. பிரஷ் தாங்கியின் மிச்சத்தில் ஓட்டை போட்டுச் சாவிக் கொத்தில் கோத்திருந்தான். உரித்தெடுத்த பிலிமைக்கூடச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான், எதற்காவது ஆகுமாம். அண்ணி அதை விரித்து, கையால் சாண் போட்டு அளந்தார்.

"நீங்க எதையாவது தூக்கிப் போட்டதுண்டா?" என்று கேட்டார்.

மெக்கானிக் நெடுநேரம் யோசித்தான். அதற்குள் எங்கோ லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்து, அவன் ஓட வேண்டியதாகிவிட்டது. பல் டாக்டரும் யாருடைய பல்லையோ பிடுங்கப் போய்விட்டாள்.

தட்டிகளை ஐந்து ஜன்னலிலும் ஒட்டிவிட்டு அண்ணி உள்ளே உட்கார்ந்தார். வெளியே போய் எட்டிப் பார்க்கும் வேலை முந்திரிக்கு. அவன் குனிந்து பார்த்தான், எக்கிப் பார்த்தான். வேனுக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்ததில் எறும்பு கடித்தது. மதில்மேல் ஏறிப் பார்த்தபோது அடுத்த தெருவில் ஒரு நாய் அவனைப் பார்த்துவிட்டு ஊருக்கே சொல்லிவிட்டது. வேனுக்குள்ளே ஒரு மண்ணும் தெரியவில்லை.

உள்ளே வந்து கட்டிலில் பொத்தென்று சாய்ந்தான். கூரையில் சமையல் புகை போவதற்காக ஒரு சதுர ஓட்டை, அதற்கு வெள்ளை மூடி. மூடி பாதி திறந்து, மதில் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அங்கே பார்த்தால் மாடி ஜன்னலும் அதன் கம்பியில் காயும் சிவப்புத் துண்டும் தெரிந்தன. துண்டுக்குப் பக்கத்தில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால், முக்காலிமேல் ராஜ மரியாதையோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமனாருக்கு வந்த வாழ்வைப் பாருங்க அண்ணி. காலை நீட்டிக்கிட்டு ஜம்முனு இருக்கார். எனக்கும் ஒரு கால் உடையக் கூடாதா?"

"ஏற்பாடு பண்ணலாம்," என்றார் அண்ணி. பிலிமை மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது. அவன் முகத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், எழுந்தார்.

*

திரைக்கடையில் கால் வைக்க இடமில்லை. சுருட்டிய துணிகள், கம்பிகள், கொக்கிகள், மூங்கில் தட்டிகள். கடைக்காரர் ஏதோ ஒரு திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். முந்திரி வரும் வழியிலேயே வழக்கை முடித்துவிட்டிருந்தான். முதலில் ஒன்றை விற்பது, பிறகு எட்டிப்பார்ப்பது, விஷயத்தைக் கசியவிட்டு அடுத்ததை விற்பது. இதை அவன் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியும்விட்டான்.

கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலமானால் தன் கடை ஜன்னலையே சாத்த நேரமில்லாமல் தான் அல்லாடுவதையும், அடுத்தவர் ஜன்னலைப் பார்க்க ஆள்தான் வைக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னார். போதாக்குறைக்கு அந்த மெக்கானிக் தம்பி மாதிரி வாடிக்கையாளர் நாலு பேர் இருந்தால் கடையைக் கூட்டவே வேண்டாம் என்றும் சொன்னார்.

"ஏன்?" என்றார் அண்ணி.

"அஞ்சு ஜன்னலுக்கு ஒன்பதடி பிலிம் போதும். ரோல்ல கடைசியா மூணடி மிச்சம் நின்னுது. நான் குப்பையில போடப் போனேன். ஐயோ வீணாப் போயிடுமேன்னு கையைப் பிடிச்சுத் தடுத்து, அதையும் வாங்கிட்டுப் போனார்."

அண்ணி ஒரு கொக்கியை எடுத்துப் பார்த்து, ரொம்பச் சந்தோஷமாக அதைத் திரும்ப வைத்தார்.

வெளியே வந்ததும் முந்திரி, அடுத்து எங்கே என்று கேட்டான். அண்ணி நடந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார். காலையில் அவன் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் இருக்கிறவன் எந்தக் கையில் ரேசர் பிடித்திருக்கிறான்?

"என்னைவிட மோசமா ஷேவ் பண்றான் அண்ணி. அது மட்டும் தெரியும்."

"கையைச் சொல்லு."

முந்திரி நடுத்தெருவில் நின்று, இல்லாத ரேசரால் இல்லாத நுரையை வழித்தான். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கிப் போனார். வலது கை. கண்ணாடியில் இருக்கிறவனுக்கு அது... அவன் கை அந்தரத்தில் நின்றது.

"இடது கை."

"மெக்கானிக் ஊட்டினது வலது கையால. பார்த்தவங்க கண்ணுக்கு இடது கை. அப்ப அவங்க வேனைப் பார்க்கல, ஒரு கண்ணாடியைப் பார்த்திருக்காங்க. கட்டிலுக்கடியில இருக்கற பிலிம் ஒன்பதடிதான், நான் அளந்தேன். அந்த மூணடி எங்க? நீ படுத்துக்கிட்டு மேல பார்த்தியே, மூடி எந்தப் பக்கமா சாய்ஞ்சிருந்தது?"

"மதில் பக்கமா."

"வீடு?"

"அதுக்கு நேர் எதிர்ப் பக்கம்."

"மதில் பக்கம் பார்த்தவனுக்கு வீட்டு ஜன்னல் எப்படித் தெரிஞ்சுது?"

முந்திரி அண்ணாந்து, இல்லாத மூடியைப் பார்த்தான். மிச்சத் துண்டை அந்தப் புண்ணியவான் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறான். கட்டிலில் படுத்தபடி முந்திரியால் பெரியவர் காலைப் பார்க்க முடிந்தது என்றால், மாடியில் இருப்பவரால் வேனுக்குள்ளே எல்லாவற்றையும் பார்க்க முடியும். இரண்டு கடை தாண்டியதும் இன்னொரு விஷயமும் அவனுக்குப் பளிச்சென்று விளங்கியது. அலுவலகத்தில் அண்ணியின் மேசைக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பாராட்டுப் பத்திரம். திங்கட்கிழமை தவறாமல் அதைப் பளபளவென்று துடைத்து வைப்பது யார்? அவனேதான்.

"பிஸ்கட் டப்பா," என்றான்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு நினைச்சேன்," என்றார் அண்ணி.

*

மணி ஆறு. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அண்ணி சொன்னபடி பல் டாக்டரும் மெக்கானிக்கும் வேனுக்குள் போய், தட்டிகளை ஒட்டி, விளக்கைப் போட்டு, மூடியைத் திறந்து வழக்கம்போலச் சமைக்க ஆரம்பித்தார்கள். அண்ணியும் முந்திரியும் மாடி ஏறினார்கள்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆறு வாரத்துக்கு முன்னால் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டவர். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது, அதன் காலடியில் கொஞ்சம் வேர்க்கடலைத் தோல். எதிர்ச் சுவரில் டிவி மாட்டியிருந்த இடத்தில் நாலு ஆணி மட்டும் நின்றது. டிவியை மகன் வேனுக்குக் கொண்டுபோய்விட்டான்.

முந்திரி சிவப்புத் துண்டை ஒதுக்கிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். கீழே வேனின் கூரை. அதன் நடுவே சாய்ந்து நின்ற மூடிக்குள், ஒரு தாம்பாளம் அளவுக்கு ஓர் ஒளிச் சதுரம். அதற்குள் மெக்கானிக் குட்டியாக நின்று, இடது கையால் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தான். பல் டாக்டர் பாத்திரம் துலக்கினாள். நகம் வெட்டினால்கூடத் தெரிந்திருக்கும்.

இந்த மாடி ஜன்னலைத் தவிர எல்லா இடத்திலும் திரை போட்டிருக்கிறார்கள் என்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"நான்தான் பார்த்தேன். வேற யாரும் இல்ல. எழுதிக்குங்க."

யாரும் கேட்கவே இல்லை. டிவி போய்விட்டது, காலும் போய்விட்டது, பொழுது போகவில்லை, அதனால் பார்த்தேன், பார்த்ததைப் பெண்டாட்டியிடம் சொன்னேன் என்று மடமடவென்று ஒப்பித்தார். முந்திரிக்கு வயிறு குளிர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

அண்ணி காலி நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க மகன் எந்தக் கையால ஊட்டினார்?"

"வலது கையால," என்றார் மாமனார் பட்டென்று. "கண்ணாடியில இடதாத் தெரியும். அதைத் திருப்பிப் போட்டுத்தான் பார்க்கணும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்மா. பின்னால வர்றவன் எந்தப் பக்கம் வர்றான்னு கண்ணாடியில..."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவுக்குப் போன சேதி இடது கைன்னு போயிருக்கு. அதைச் சொன்னவங்களுக்குக் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கத் தெரியாது," என்றார் அண்ணி. "இந்த வேர்க்கடலையும் நீங்க தின்னது இல்ல. உங்க கடைவாய்ப் பல்லை எல்லாம் உங்க மருமகள்தானே எடுத்தாங்க?"

மாமனார் வாயை இறுக மூடிக்கொண்டார். மூடினாலும் கன்னம் குழி விழுந்து உண்மையைச் சொல்லிற்று. அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் ஒரு தட்டு நிறைய வறுத்த வேர்க்கடலையோடு ஓர் அம்மாள் வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே மாமியார், டீத் தட்டோடு.

"ஆரம்பிச்சுட்டாங்களா சம்பந்தி?" என்றார் முன்னால் வந்தவர்.

பல் டாக்டரின் அம்மா.

முந்திரி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வார்த்தையில்லாமல் நின்றான். கை மட்டும் அதுபாட்டுக்குப் போய் ஒரு வேர்க்கடலையை எடுத்துக்கொண்டது.

அண்ணி ஜன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட, கீழே இருந்து இருவரும் ஓடி வந்தார்கள். அண்ணி ஜன்னலைக் காட்டினார், மூடியைக் காட்டினார், கடைசியாக நாற்காலியைக் காட்டினார். மூன்றடி பிலிம் என்றதும் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். வெயிலுக்கு நல்லது, வீணாகவும் போகாது என்று நினைத்து ஒட்டினானாம். மூடியை யாராவது ஜன்னல் கணக்கில் சேர்ப்பார்களா?

பல் டாக்டருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக மாமியார்மேல் சந்தேகப்பட்டு எந்த மடியில் புலம்பினாளோ, அந்த மடியிலேயே வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

"நீயாம்மா?"

"நான் என்னடி பண்ணட்டும்," என்றார் அம்மா. தட்டை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "மூணு மாசம் பார்க்க முடியாதே, பத்து நாள் உன்கூட இருக்கலாம்னு வந்தேன். பகல் பூரா கிளினிக். சாயங்காலம் ஆனா வேன். கதவுல உள்ளே வராதேன்னு போர்டு வேற. முதல் நாள் இவருக்கு டீ கொடுக்க வந்தேன். அந்த மூடியில நீ தெரிஞ்ச. இத்தனூண்டா. சிரிச்சுக்கிட்டு இருந்த. அப்புறம் எனக்குக் கீழ இருப்பு கொள்ளல."

அடுத்த கேள்வியை மெக்கானிக் கேட்டான், மெல்ல. அதை ஏன் அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்?

மாப்பிள்ளை அழுததையும் மண்டி போட்டுக் கும்பிட்டதையும் பார்த்துப் பல் டாக்டரின் அம்மா பதறிப்போனாராம். தன் பெண்தான் அவரைப் படுத்தி வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். மாமியாரிடம் போய், உங்கள் பிள்ளை வாயில்லாப் பூச்சி, கொஞ்சம் தைரியம் சொல்லுங்கள் என்று அழுதிருக்கிறார். என் பெயர் வெளியே வரக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறார். மாமியார் பத்து நாளாக மருமகளிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு, சம்பந்தியின் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். மாமனார் இரண்டு பேரையும் காப்பாற்றப் பார்த்தார்.

"என்னைப் பெத்தவளே அவர் கட்சியா?" என்றாள் பல் டாக்டர். மாமியாரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "சரி. எனக்கு இந்த வேனும் வேண்டாம், ஊரும் வேண்டாம். நான் அம்மா வீட்டுக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போவது என்பதில் இப்போது ஒரு சிக்கல் இருந்தது.

"வாயேன்," என்றார் அம்மா. "மாப்பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்லாம இருக்கறதா இருந்தா வா."

மெக்கானிக் ஒருவரையும் பார்க்காமல் திரும்பினான். அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பல் டாக்டர் காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அம்மா தட்டை அவள் மடியில் வைத்தார். கோபத்தில் அவள் நாலைந்து கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கண் தன்னால் ஜன்னலுக்குப் போயிற்று. எல்லார் கண்ணும் போயிற்று.

மூடிக்குள் மெக்கானிக் வந்து நின்றான். அடுப்பை அணைத்தான். அவள் துலக்கி வைத்த இரண்டு கிண்ணத்தையும் துடைத்து, இரண்டையும் அலமாரியில் வைத்தான். பிறகு ஒன்றை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கட்டிலில் உட்கார்ந்தான். தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வெங்காயமா?" என்று கேட்டான் முந்திரி, தாழ்ந்த குரலில்.

"இன்னிக்கு வெங்காயமே வாங்கல," என்றாள் பல் டாக்டர்.

தட்டு தரையில் விழுந்தது. கடலை நாலா பக்கமும் ஓடியது. அவள் படியில் இறங்கிய வேகத்தில் வீடே அதிர்ந்தது. மூடிக்குள்ளே கதவு திறந்தது, வெள்ளைக் கோட்டு ஒன்று பாய்ந்து வந்தது. மாமியார் டீத் தட்டோடு கழுத்தை நீட்டினார். மாமனார் கட்டுப் போட்ட காலோடு எம்பினார். முந்திரிக்கும் அண்ணிக்கும் நடுவில் கொஞ்சம் தள்ளுமுள்ளுகூட நடந்தது.

பல் டாக்டரின் அம்மா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறினார். ஒரு முனையை இந்த ஓரக் கம்பியிலும் மறுமுனையை அந்த ஓரக் கம்பியிலும் இறுக முடிந்தார். அறை சிவப்பாக இருட்டியது.

"போதும்," என்றார். "இனிமே அவங்க பாடு."

பத்து நாளாக வேனில் தேடிய திரை கடைசியில் மாடி ஜன்னலில் தொங்கிற்று. சரி, ஒருவழியாக வழக்கு முடிந்தது என்று முந்திரி குனிந்து கடலை பொறுக்க ஆரம்பித்தான்.

*

வெள்ளிக்கிழமை காலை வழியனுப்ப அண்ணியும் முந்திரியும் போயிருந்தார்கள். மாமனாரால் இறங்க முடியாததால் எல்லாரும் மாடி ஜன்னலில் கூடி நின்றார்கள். துண்டை அவிழ்த்திருந்தார்கள். பல் டாக்டரின் அம்மா ஊருக்குப் போக மூட்டை கட்டி, அதன்மேல் ஒரு காலை வைத்திருந்தார். முந்தின நாள் பூராவும் மகள் லீவு போட்டுவிட்டு அவர்கூடவே இருந்தாளாம். வேன் கதவு அட்டையையும் கழற்றியாகிவிட்டது. மெக்கானிக் அதைத் தூக்கிப் போடவில்லை, அதன் பின்பக்கத்தில் வைத்துக் காய் நறுக்குகிறான்.

மூடியில் இருந்த பிலிமையும் அவன் உரிக்கவில்லை. சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் மூடியைச் சாத்த வேண்டும் என்று பல் டாக்டர் உத்தரவு போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

இன்ஜின் உறுமியது. வேன் நகரவில்லை. கூரையில் மூடி மெல்லத் திறந்து, மதில் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்குள்ளே பல் டாக்டர் அண்ணாந்து நின்றாள், இத்தனூண்டாக. சிரித்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள்.

அம்மாவும் கையைத் தூக்கினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

"போற நேரத்துல இடது கையை ஆட்டறா பாருங்க," என்றார்.

மாமனார் ஒரு நிமிஷம் மூடியையே உற்றுப் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.

"வலது கைதான் சம்பந்தி," என்றார். "நல்லாப் பாருங்க."